கைத்தொலைபேசி வந்தது, கல்வி வந்ததா?

2021ஆம் ஆண்டு ஜூலை மாத முதல் வாரம். பொகவந்தலாவைப் பகுதியில் ஒரு தோட்டம். மழை விட்டபாடில்லை. லயங்களுக்கு மேலே தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் மேட்டில் ஒரு பாறை இருக்கிறது. அந்தப் பாறையின் மேல் ஏழு பிள்ளைகள், கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு ஒன்றைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தரம் 11இல் படிக்கும் ஒரு பெண்பிள்ளை. அவள் கையில் ஒரு போன். ஆசிரியர் வட்ஸ்அப்பில் அனுப்பிய கணிதக் குறிப்பை அவள் உரத்து வாசிக்க, அதே வகுப்பில் படிக்கும் மூவர் கொப்பியில் எழுதினார்கள். மற்ற மூவரும் சிறிய வகுப்புப் பிள்ளைகள். தங்கள் ஆசிரியரின் செய்தி எப்போது வருமென்று காத்திருந்தார்கள்.

"இது யாருடைய போன்?" என்று நாம் கேட்டோம்.

"எங்க மாமாவோடது பாதர். கொழும்புல கடையில நிக்கிறாரு. கொரோனான்னு வீட்டுக்கு வந்திருக்காரு. அவரு போயிட்டா போனும் போயிரும்."

அவள் சொன்னபடியே நடந்தது. சில வாரங்களில் மாமா கொழும்புக்குத் திரும்பினார். போனும் அவரோடு போயிற்று. ஏழு பிள்ளைகளின் பாடசாலை ஒரு மனிதரின் சட்டைப்பையில் மலையிறங்கிப் போனதை அன்று கண்டோம்.

பெருந்தொற்று முடிந்துவிட்டதே, பழைய கதையை இப்போது ஏன் பேசவேண்டும் என்று வாசகர்களில் சிலர் எண்ணலாம். நோய் தணிந்தாலும் அது கொண்டுவந்த பழக்கம் போகவில்லை. வீட்டுப்பாடம் வட்ஸ்அப்பில் வருகிறது. ரியூசன் வகுப்பு சூம் வழியாக நடக்கிறது. மண்சரிவோ வெள்ளமோ வந்து பாடசாலை மூடப்பட்டால், "இணைய வழியில் படியுங்கள்" என்ற சொல் உடனே பிறக்கிறது. அடிக்கடி இடம்பெயர்ந்து, கூடாரத்திலும் உறவினர் வீட்டிலும் புதிய குடியேற்றத்திலும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் உங்களுக்கு இது நேற்றைய பிரச்சினையல்ல, நாளையும் வரக்கூடியது.

மூடிய கதவும் திறந்த திரையும்

2020 மார்ச் மாதத்தில் இலங்கையின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. இடையில் திறந்தன, மீண்டும் மூடின. 2021 ஏப்ரல் இறுதியில் மூடியவை அந்த ஆண்டு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் படிப்படியாகத் திறந்தன. இந்தக் காலத்தில் அரசு சும்மா இருக்கவில்லை. 'குருகெதர' நிகழ்ச்சி தொலைக்காட்சியில் நடத்தப்பட்டது. தமிழ்ப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் வந்தன. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் பாடங்கள் இருந்தன. ஆசிரியர்கள் பலர் தமது சொந்தப் பணத்தில் டேட்டா போட்டு வட்ஸ்அப் குழுக்களை நடத்தினார்கள். அவர்களுடைய உழைப்பை நாம் மறக்கக்கூடாது. 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டைக் காரணங்காட்டி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிக்கொண்டபோதுதான், அந்தக் கல்வி முழுவதும் அவர்களுடைய தோளில் நின்றது என்பது நாட்டுக்கு விளங்கிற்று.

ஆனால் அனுப்பியதெல்லாம் போய்ச் சேர்ந்ததா? 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் 48 வீதமானவற்றில்தான் ஒரு கணினியோ ஸ்மார்ட் போனோ இருந்தது என்று, பெருந்தொற்றுக்கு முன்னரே லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் கணித்திருந்தது. ஏதேனும் ஒருவகை இணைய இணைப்பு இருந்த வீடுகள் 34 வீதம் மட்டுமே. இது நாடு முழுவதற்குமான கணக்கு. நகரம், கிராமம், தோட்டம் என்று அரசு பிரித்துப் பார்க்கும் மூன்று துறைகளில் கணினி அறிவிலும் கணினி வசதியிலும் கடைசியில் நிற்பது தோட்டத்துறையே.

இது மலையகத்துக்கு மட்டும் நேர்ந்ததுமல்ல. 2021 ஓகஸ்ட்டில் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும் காட்டுவழியே நடந்து ஒரு மலைப்பாறைக்கு ஏறிப் படிப்பதை உலகச் செய்திகள் காட்டின. லுணுகலைப் பகுதியில் பெரியவர்கள் பிள்ளைகளை மலையுச்சியிலிருந்த மரவீட்டுக்கு அழைத்துச் சென்று சிக்னல் பிடித்தார்கள். சிங்களக் கிராமமானாலும் தமிழ்த் தோட்டமானாலும் ஏழையின் பிள்ளைதான் மலை ஏறிற்று.

போன் இருந்த வீட்டிலும் கஷ்டம் வேறு வடிவில் இருந்தது. ஒரு தாயிடம், "போன் இருக்கிறதே, பிள்ளை ஏன் படிக்கவில்லை?" என்று கேட்டோம். "போன் என்னோட மலைக்கு வந்துருது பாதர். கைப்பிள்ள பிள்ளைக்காம்பராவுல இருக்கு. ஏதாச்சும்னா எப்படிக் கூப்பிடுவாங்க?" என்றார். அந்த வருடம் மார்ச் மாதத்தில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானி வெளியாயிற்று. சொன்ன கிலோ பறிக்காவிட்டால் அதுவும் அரைப்பேராகிவிடும். அரைப்பேர் வாங்கிய நாளில் அரிசியா, ரீலோட்டா என்ற கேள்விக்கு எந்தத் தாயும் ஒரே விடையைத்தான் சொல்வாள்.

தாமதமாக வந்த உரிமை

இது புதிதாக முளைத்த ஏற்றத்தாழ்வன்று. கன்னங்கராவின் பெயரோடு நாம் நினைவுகூரும் இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்கு வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களில்தான் இயங்கத் தொடங்கியது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறை முன்பே கிடைத்தது நமது பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறை பிந்திக் கிடைத்தது. கணினிக் கல்வியிலும் அதே கதை தொடர விடலாமா?

நாமும் தவறினோம்

பிறரைக் குறைசொல்லுமுன் எமது தவறையும் சொல்லவேண்டும். பாறையில் கண்ட காட்சி எம்மை உலுக்கியது. உடனே தெரிந்தவர்களிடம் பணம் திரட்டினோம். சில 'டெப்'கள் வாங்கி, அந்தத் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மிகவும் ஏழ்மையான வீடுகளைத் தெரிவுசெய்து கொடுத்தோம். படம் பிடித்தோம். பணம் தந்தவர்களுக்கு அறிக்கையும் அனுப்பினோம்.

ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஒன்றின் கண்ணாடி உடைந்திருந்தது. ஒன்று அடகுக் கடையில் இருந்தது. இரண்டில் டேட்டா இல்லை. ஒரு வீட்டில் தகப்பன் அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்தார். "பழுதாப் போனா நீங்க கேப்பீங்கன்னு பயந்து வச்சிட்டேன் சாமி" என்றார். அவர்மேல் எமக்குக் கோபம் வரவில்லை. எம்மீதுதான் வெட்கம் வந்தது. யாரையும் கலந்து பேசாமல், இதுதான் உமக்குத் தேவை என்று நாமே முடிவுசெய்து கையில் திணித்திருந்தோம். மாணவனை வெறும் பாத்திரமாக எண்ணி அறிவைக் கொட்டும் 'வங்கி முறைக் கல்வி'யைப் பிரேசில் நாட்டு அறிஞர் பாவுலோ பிரெய்ரே கண்டித்ததைப் பல கருத்தரங்குகளில் நாம் பேசியிருக்கிறோம். பேசிய நாமே அதைச் செய்தோம்.

இது எமக்கு மட்டும் நேர்ந்த தவறன்று என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தோம். தென்னமெரிக்காவின் பெரு நாடு ஏழைப் பிள்ளைகளுக்கு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கணினிகளை வழங்கியது. 319 கிராமப் பாடசாலைகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. கணினி கிடைத்த பாடசாலைகளில் கணிதத்திலோ மொழியிலோ பிள்ளைகள் முன்னேறியதாக அந்த ஆய்வு காணவில்லை. கருவி போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டு கற்பிக்க ஆசிரியரை ஆயத்தப்படுத்தும் வேலைதான் பின்தங்கிவிட்டது.

கொத்மலை சொல்லும் பாடம்

அப்படியானால் வழி என்ன? அதைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நுவரெலியா மாவட்டத்திலேயே, அதுவும் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களின் நடுவிலேயே, ஒரு முன்மாதிரி இருந்தது.

மகாவலித் திட்டத்தின் கீழ் கொத்மலை அணை 1979 முதல் 1985 வரை கட்டப்பட்டது. பள்ளத்தாக்கில் இருந்த வயல்களும் வீடுகளும் கோயில்களும் நீருக்குள் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்ந்தன. பலர் தூரத்து மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள். சிலருக்கு மேட்டிலிருந்த தேயிலைக் காணிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நெல் விதைத்துப் பழகிய கைகள் புதிய மண்ணில் புதிய பயிரைக் கற்கவேண்டியிருந்தது. அதன் வலி உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இத்தகைய குடும்பங்களுக்காகவே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் உதவியோடு மகாவலி சமூக வானொலியைத் தொடங்கியது. தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமத்துக்குப் போய், சில நாட்கள் மக்களோடு தங்கி, மக்களின் குரலிலேயே நிகழ்ச்சி தயாரித்தார்கள். 1989இல் கொத்மலையில் ஒரு நிலையம் உருவாயிற்று.

1990களின் இறுதியில் அந்தச் சிறிய வானொலி நிலையத்துக்கு யுனெஸ்கோ உதவியோடு இணைய இணைப்பு வந்தது. அப்போது நாட்டின் பெரும்பாலான மக்கள் இணையம் என்ற சொல்லைக்கூடக் கேட்டதில்லை. ஊர் முழுவதற்கும் சில கணினிகள்தான். என்ன செய்தார்கள் தெரியுமா? மக்கள் தமது கேள்விகளை நிலையத்துக்கு அனுப்பினார்கள். அறிவிப்பாளர் ஒலிபரப்பின்போதே இணையத்தில் விடை தேடினார். நோய் பற்றிய கேள்வியானால் ஒரு வைத்தியரை அருகில் இருத்திக்கொண்டார். ஆங்கிலத்தில் கிடைத்ததை ஊர்மக்களின் மொழியில் பேசி விளங்கவைத்தார்கள். கணினியைத் தொட்டே அறியாத விவசாயி தன் வீட்டு வானொலியின் முன்னிருந்து இணையத்தைப் பயன்படுத்தினார். நேரில் தொட்டுப் பழக விரும்பியவர்களுக்கு நிலையத்திலும், கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கட்டணமின்றி இடம் கொடுத்தார்கள்.

அதிலும் குறை இருந்தது. ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்திலேயே நடந்தது. பக்கத்து மலையில் தமிழ் பேசிய தோட்ட மக்கள் முழுப் பயனை அடையவில்லை. மொழி இல்லாத இடத்தில் இணையம் இருந்தும் இல்லாததுதான். இந்தக் குறையையும் சேர்த்தே நாம் கற்கவேண்டும்.

கொத்மலையில் நடந்ததை எமது 'டெப்' கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் வீட்டுக்கு ஒரு கருவி கொடுத்தோம்; நடுவில் ஆள் இல்லை. அங்கே ஊருக்குச் சில கருவிகள்தான்; ஆனால் கருவிக்கும் மக்களுக்கும் நடுவில் ஒரு மனிதர் இருந்தார். அவர் கேள்வியைக் கேட்டார், தேடினார், மக்களின் மொழியில் விளக்கினார். கல்வியை நடத்தியது அந்த மனிதர்தான்.

தமிழ்நாட்டு அரசும் இதே பாதைக்குத் திரும்பியதைக் காண்கிறோம். பெருந்தொற்றில் கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்திய பின்னும் பிள்ளைகள் இழந்தது அதிகம் என்று கண்டு, 2021 ஒக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், பிள்ளைகளின் வீட்டுக்கு அருகிலேயே, அந்த ஊர்த் தன்னார்வலர் ஒருவர் பாடம் சொல்லிக் கொடுத்தார். திரை போய்ச் சேராத இடத்துக்கு ஒரு அக்காவோ அண்ணனோ போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு போன், ஒரு அக்கா, ஒரு மண்டபம்

2022இல் நாம் மீண்டும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். இம்முறை பொருள் எதுவும் கொண்டுபோகவில்லை. தாய்மாரைக் கூட்டி, "என்ன செய்யலாம்?" என்று கேட்டோம். முதலில் எவரும் பேசவில்லை. பிறகு ஒரு தாய், "எங்களுக்குப் படிப்பு வராது பாதர். ஆனா பிள்ளைங்க ஒரே எடத்துல இருந்தா நாங்க மாறிமாறிப் பாத்துக்குவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

தோட்டத்தின் பழைய வாசிகசாலையைக் கூட்டித் துடைத்தார்கள். உயர்தரம் படித்துவிட்டு வேலையின்றி இருந்த ஒரு பிள்ளை பொறுப்பேற்றாள். தாய்மார் சேர்ந்து ஒரு போனுக்கு டேட்டா போட்டார்கள். மேட்டில் நின்று காலையில் பாடங்களை இறக்கிக்கொள்வாள். மாலையில் வாசிகசாலையில் சிறிய ஸ்பீக்கரில் ஆசிரியரின் குரலை ஒலிக்கவிடுவாள். இடையிடையே நிறுத்தி, "இப்ப சேர் என்ன சொன்னாரு?" என்று கேட்பாள். பிள்ளைகள் தமது வார்த்தையில் சொல்லவேண்டும். விளங்காத கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி, மறுநாள் ஆசிரியருக்குக் குரல் செய்தியாக அனுப்புவாள்.

அந்த வருடம் மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை நீடித்தது. அப்போதும் வகுப்பு நிற்கவில்லை. போனில் சார்ஜ் இல்லாத நாளில் கேள்விக் கொப்பி இருந்தது, அக்காவும் இருந்தாள்.

பாறையில் நாம் கண்ட அந்தப் பெண்பிள்ளை 2022 மே மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். கணிதத்தில் சித்தியடையவில்லை. அழுதுகொண்டு வேலைக்குப் போகப் புறப்பட்டவளைத் தாய் தடுத்தார். வாசிகசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தானும் படித்தாள். அடுத்த முறை சித்தியடைந்தாள். ஆனால் அன்று அதே படங்கின் கீழ் தன் ஆசிரியரின் செய்திக்காகக் காத்திருந்த ஒரு சிறுவன், பாடசாலை திறந்தபோது திரும்பி வரவேயில்லை. இன்று கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அவனை நாம் இழந்தோம். வாசிகசாலை வகுப்பை ஒரு வருடம் முந்தித் தொடங்கியிருந்தால் அவன் இருந்திருப்பானோ என்ற எண்ணம் இன்றும் எம்மை விடுவதில்லை.

உங்கள் இடத்தில் இதைச் செய்யலாம்

வாசகர்களே, உங்களில் சிலருடைய பெற்றோர் இதே தேயிலை மலைகளிலிருந்து 1977இலும் 1983இலும் விரட்டப்பட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டி விவசாயம் செய்தவர்கள். பின்னர் போரினால் அங்கிருந்தும் பலமுறை பெயர்ந்தவர்கள். வேறு சிலர் மண்சரிவினால் வீட்டை விட்டவர்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா சூறாவளி மலைநாட்டில் எத்தனை குடும்பங்களை ஒரே இரவில் தெருவில் விட்டது என்பதை நாம் கண்டோம். முகாமோ, தற்காலிகக் கொட்டிலோ, புதிய குடியேற்றமோ, எங்கிருந்தாலும் பின்வருவனவற்றைச் செய்ய அதிக பணம் வேண்டியதில்லை.

1. ஓர் இடமும் ஒரு நேரமும் குறியுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் போதும். நாள் தவறாமல் நடக்கவேண்டும்.

2. நடுவில் நிற்க ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். பட்டதாரி தேவையில்லை. பிள்ளைகளோடு பொறுமையாகப் பேசத் தெரிந்தவர் போதும். அவருக்குச் சிறு கைச்செலவாவது கொடுங்கள்.

3. ஒரே போனைப் பலர் சேர்ந்து பயன்படுத்துங்கள். சிக்னல் உள்ள இடத்தில் பாடத்தை இறக்கி, பின்னர் எல்லோரும் கேளுங்கள். வீடியோவை விடக் குரல் பதிவுக்கு டேட்டா மிகக் குறைவு. ஆசிரியரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

4. காகிதத்தைக் கைவிடாதீர்கள். பாடநூலும் கொப்பியும் மின்சாரம் கேட்பதில்லை.

5. போனில் விளையாட்டும் கடன் கொடுக்கும் செயலிகளும் உண்டு. முகந்தெரியாதவர் பெண்பிள்ளைகளின் படங்களைக் கேட்பதும் உண்டு. பிள்ளைகள் நாலுபேர் காணும் இடத்தில் போனைப் பார்ப்பதே நல்ல காவல். தவறு நடந்துவிட்டால் பிள்ளையை அடிக்காதீர்கள். பயந்த பிள்ளை அடுத்த முறை எதையும் சொல்லாது.

படிப்பறியாத தாய்மாருக்கு ஒரு வார்த்தை. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று பிள்ளையின் முன் சொல்லாதீர்கள். "இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். விளங்காவிட்டால், "எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லு" என்று சொல்லுங்கள். உங்களுக்கு விளங்கவைக்க முயலும்போதுதான் பிள்ளைக்கே பாடம் விளங்கும்.

நாம் செய்வது போதும், அரசு செய்யவேண்டியதில்லை என்று எவரும் இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. சிக்னல் கோபுரம், பாடசாலைக்கு மின்சாரமும் இணைய இணைப்பும், தமிழில் பாடங்கள், கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க நிரந்தர ஆசிரியர்கள், இவையெல்லாம் நமது பிள்ளைகளின் உரிமை. வகுப்பு நடத்தும் தாய்மாரே அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் போய்க் கேட்கட்டும். தமது கேள்விக் கொப்பியைக் கையில் கொண்டுபோகட்டும். பிள்ளைகள் என்னென்ன கேட்டார்கள், எதற்கு விடை கிடைக்கவில்லை என்பது அதில் திகதி வாரியாக இருக்கிறது. அதைவிடப் பலமான மனு வேறில்லை.

சேர்ந்து பேசுவதற்கு

உங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் பயன்படுத்தும் போன் யாருடையது? அவர் ஊரில் இல்லாத நாளில் அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்?

பாடசாலைக்கு வருவதை நிறுத்திய பிள்ளைகள் யார் யார்? அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியுமா? கடைசியாக அவர்கள் வீட்டுக்கு யார் போனார்கள்?

நமது இடத்தில் நடுவில் நிற்கக்கூடிய அக்கா, அண்ணன் யார்? இந்த வாரமே அவரிடம் யார் போய்ப் பேசுவது?